கே-2 பின்னிருக்கைக்கு மாறும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

தனிப்படகில் நீ வேகமாக ஓட்டுகிறாய் என்றுதான் உன்னை இரட்டையர் கயாக்கின், அதாவது கே-2 துடுப்புப் படகின், பின்னிருக்கைக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். முதல் சில வாரங்கள் உனக்கு இடைஞ்சல் தரப்போவதும் அந்தப் பழக்கம்தான். இதுவரை தாளம் உன் கையில் இருந்தது. இனி முன்னால் இருப்பவள் கையில். சுக்கானும் அவள் காலடியில்தான்.

ஒரு சின்னக் கணக்கு. டோக்கியோ ஒலிம்பிக்கில் நியூசிலாந்தின் லிசா கேரிங்டனும் கெயிட்லின் ரீகலும் 500 மீட்டரை 1 நிமிடம் 36 வினாடிக்குச் சற்றுக் குறைவாக முடித்தார்கள். வினாடிக்கு ஏறத்தாழ 5.2 மீட்டர். நிமிடத்துக்கு 120 ஸ்ட்ரோக் (துடுப்பு வீச்சு) என்று வைத்துக்கொண்டால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு அரை வினாடி கிடைக்கும். அதற்குள் படகு 2.6 மீட்டர் நகரும். நீ 0.05 வினாடி பிந்தினாலே படகு 26 சென்டிமீட்டர் போயிருக்கும். அவள் பிளேடை (துடுப்பின் அகன்ற முனையை) வெளியே எடுக்கும்போது நீ இன்னும் இழுத்துக்கொண்டிருப்பாய்.

அதனால் எதைப் பார்ப்பது என்பதுதான் முதல் பாடம். அவள் பிளேடைப் பார்க்காதே. அது தண்ணீரில் விழுவதைக் கண்டபின் உன்னுடையதைப் போட்டால் தாமதம்தான். அவள் தோள்பட்டை திரும்புவதையும் மேல்கை முன்னே நகர்வதையும் பார். பிளேடு தண்ணீரைப் பிடிக்கும் கணம், அதாவது கேட்ச், எப்போது வரும் என்று அந்தத் தோள் முன்கூட்டியே சொல்லிவிடும். (முகத்தில் தண்ணீர் தெறித்துக்கொண்டேதான் இருக்கும். துடைக்கக் கை ஒழியாது, பழகிக்கொள்.)

நீ பிந்தினால் படகின் மூக்கு ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் மேலும் கீழும் ஆடும். கரையிலிருந்தே கோச்சுக்குத் தெரியும், அன்றைக்கே திருத்திவிடுவார். முந்தினால் கதை வேறு. படகு தன் காலடியில் நழுவி ஓடுவதுபோல் முன்னிருப்பவளுக்குத் தோன்றும். அவளை அறியாமலே ரேட்டை (நிமிடத்துக்கு எத்தனை ஸ்ட்ரோக் என்பதை) ஏற்றுவாள், நீ இன்னும் ஏற்றுவாய், 300 மீட்டரில் இருவருக்கும் கை கனக்கும். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது உற்சாகமாகவே தெரியும். இரண்டில் முந்துவதுதான் மோசம் என்பேன்.

இன்னொரு சிக்கல், தண்ணீரில் பிளேடின் பிடி லேசாகத் தெரிவது. படகு தனிப்படகைவிட வேகமாக ஓடும், தண்ணீரையும் முன்னால் ஒருத்தி கிளறிவிட்டிருப்பாள். உடனே எல்லாரும் செய்வது, இடுப்பைத் தாண்டிப் பின்னால் இழுப்பது. அங்கே பிளேடு தண்ணீரைத் தூக்குகிறதே தவிர படகைத் தள்ளுவதில்லை. பின்பகுதி கீழே அழுந்தும், வெளியே எடுப்பதும் பிந்தும். பிளேடு முழுவதும் மூழ்கும்வரை இழுக்காதே. மூழ்கியதும் அதே பக்கக் காலால் ஃபுட் ரெஸ்ட்டை மிதித்து, இடுப்புக்கு வரும்போது எடுத்துவிடு. அப்படியும் வழுக்கினால் துடுப்புத் தண்டின் நீளத்தை ஒரு சென்டிமீட்டர் மட்டும் மாற்றிப் பார். பிளேடையும் தண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். பிளேடு தண்ணீருக்கு மேலே, போடத் தயாராக இருக்கும் நிலையில் இருவரும் ஒரு கணம் நிறுத்தி, பிறகு சேர்ந்து போடுங்கள். முதலில் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும், அடுத்து நான்குக்கு ஒருமுறை. நிறுத்தம் இல்லாமலும் அதே ஒற்றுமை நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ரேட்டை 70, 80, 90 என ஏற்றுங்கள். எந்த எண்ணில் குலைகிறதோ அங்கேதான் அன்றைய வேலை.

படகு மட்டமாக மிதக்கிறதா என்று கரையில் நிற்பவரைப் பார்க்கச் சொல். மூக்கு அழுந்தினால் திசை திருப்புவது சிரமம். பின்பகுதி அழுந்தினால் படகு தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். சீட்டை நகர்த்தினால் ஃபுட் ரெஸ்ட்டையும் அதே அளவு நகர்த்த மறக்காதே, இல்லையென்றால் முழங்கால் மடிப்பு மாறிக் காலின் உதை போய்விடும். முன்னிருப்பவள் சுக்கானை ஒரே பக்கம் அழுத்திக்கொண்டே இருப்பதாகச் சொன்னால் முதலில் சுக்கான் நேராக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நேராக இருந்தால், உன் ஒரு பக்க இழுப்பு மறுபக்கத்தைவிட வலுவாக இருக்கலாம்.

ஸ்டார்ட்டில் எந்தப் பக்கம் முதல் ஸ்ட்ரோக் என்பது முன்பே முடிவாகியிருக்கவேண்டும். பிளேடு ஏற்கெனவே தண்ணீரில். நின்ற படகை நகர்த்துவதால் முதல் ஸ்ட்ரோக் மெதுவாகத்தான் வரும். அதை அவசரப்படுத்தினால் பிளேடு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும், படகு நிற்கும் இடத்திலேயே நிற்கும். ஐந்தாறு ஸ்ட்ரோக்குக்குப் பிறகு ரேட் தானாக ஏறும். சுமார் 100 மீட்டரில் அதைக் கொஞ்சம் இறக்கி, ஸ்ட்ரோக்கை நீட்டி ஓட்டவேண்டும். அதற்கான குரல் உன்னுடையதாக இருப்பது நல்லது: பின்னாலிருந்து கத்தினால் அவளுக்குக் கேட்கும், அவள் கத்தினால் உனக்குக் காற்றில் கரைந்துபோகும். ஒரே சொல் போதும். அடுத்த அழைப்பு கடைசி 150 மீட்டரில். அப்போது ரேட்டை ஏற்றும் வேலை அவளுடையது, நீ உதையைக் கூட்டு.

பக்கத்துப் படகின் அலையில் சவாரி செய்ய இந்தப் போட்டியில் அனுமதி இல்லை. லேனின் நடுவை விட்டு விலகாமல் இருப்பது அவள் பொறுப்பு என்றாலும், நீ பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தால் படகு சாயும், அவள் திருத்தவேண்டி வரும். திரும்பாதே.

கிளம்பும் முன் சுக்கான் கம்பியின் இறுக்கம், சீட் திருகுகள், கால்பட்டை, லேன் எண் அட்டை ஆகியவற்றைத் தொட்டுப் பார். சுக்கானில் களை சிக்கினால் சில ஸ்ட்ரோக் பின்னோக்கிப் போட்டாலே பெரும்பாலும் கழன்றுவிடும். ஸ்டார்ட்டுக்குப் போகும் வழியிலேயே அதைச் செய்துவிடுங்கள். கே-2 குறைந்தது 18 கிலோ இருக்கவேண்டும். ரேஸ் முடிந்தபின்னும் எடைபோடக் கூப்பிடலாம். எடை கூட்ட ஏதாவது வைத்திருந்தால் அது அசையாமல் பொருத்தப்பட்டிருக்கட்டும். கூப்பிட்டால் வேறெங்கும் போகாமல் படகோடு நேரே தராசுக்குப் போங்கள்.

அன்புடன்,
அக்கா