என் பெயரை ஓர் எழுத்தும் விடாமல் எழுது

மதுரை
ஆகஸ்ட் 9

அன்புள்ள கயல்,

பிரேசிலில் காம்பினாஸ் போய்ச் சேர்ந்து நீ அனுப்பிய குரல் செய்தியை அப்பாவும் நானும் மூன்று தடவை கேட்டோம். அறை பிடித்திருக்கிறது, சவரில் வெந்நீர் வரவில்லை, பருப்பில் கறித்துண்டு கிடந்தது, போலீசில் பதிய வேண்டுமாம், பார்க்கிறவர்களெல்லாம் கன்னத்தோடு கன்னம் வைக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாய். போனில் பதில் சொன்னால் பாதி மறந்துவிடும். அதனால் எழுதுகிறேன். எடுத்து வைத்துக்கொள்.

முதலில் பதிவு. மாணவர் விசாவில் போனவர்கள் இறங்கிய நாளிலிருந்து 90 நாளுக்குள் ஃபெடரல் போலீசில் பதிந்தாக வேண்டும். தவறினால் நாள் கணக்கில் அபராதம். 90 நாள் இருக்கிறதே என்று இருந்துவிடாதே. ஆன்லைனில் நேரம் வாங்கித்தான் போக முடியும், செமஸ்டர் தொடக்கத்தில் எல்லா வெளிநாட்டு மாணவர்களும் ஒரே சமயத்தில் முட்டிக்கொள்வார்கள். இந்த வாரமே படிவத்தை நிரப்பி, கட்டணச் சீட்டை அச்செடுத்துப் பணம் கட்டி, நாள் வாங்கிவிடு. அங்கே கைரேகை எடுத்துவிட்டு ஒரு காகிதம் தருவார்கள், பெயர் புரோட்டோகோலு. அட்டை வரும்வரை அதுதான் உன் அடையாளம். போட்டோ எடுத்து எங்களுக்கும் அனுப்பு.

இன்னொன்று சிபிஎஃப், 11 இலக்க வரி எண். அவர்கள் வாயில் அது 'செபிஎஃபி'. அது இல்லாமல் சிம் கார்டு வாங்குவது பெரும்பாடு. வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் பிக்ஸ் இல்லை. பிக்ஸ் என்பது நம்ம யுபிஐ போலத்தான், 2020 நவம்பரில் வந்தது. இப்போது இளநீர் விற்பவர்கூட அதில்தான் வாங்குகிறார். கடையில் பில் போடுகிறவர் 'செபிஎஃபி நா நோட்டா?' என்று கேட்டால் பயப்படாதே. பில்லில் உன் எண்ணைப் போடவா என்கிறார். வேண்டாமென்றால் 'நாவ், ஒப்ரிகாடா'. பெண் சொன்னால் ஒப்ரிகாடா, ஆண் சொன்னால் ஒப்ரிகாடு.

இதில் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். அந்த நாட்டில் குடும்பப் பெயர் இல்லாத மனிதரே கிடையாது. நம் பெயரில் அப்பா பெயரோ இனிஷியலோதான் இருக்கும். ஒரு படிவத்தில் இனிஷியலை முன்னால் போட்டு, அடுத்ததில் அப்பா பெயரை விரித்து எழுதினால், கம்ப்யூட்டருக்கு நீ இரண்டு ஆள். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ, அதே வரிசையில், அதே எழுத்துகளில் எல்லா இடத்திலும் எழுது. பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதத்திலும் அப்படியே இருக்கிறதா என்று இன்றே பார்.

என் பெயரும் அங்கே வேண்டும், கண்ணு. 'நோமி டா மாய்ங்', அதாவது தாயின் பெயர் என்று ஒரு கட்டம் ஏறக்குறைய எல்லாப் படிவத்திலும் இருக்கும். மரியா, ஜோசே, சில்வா, சாந்தோஸ் என்று ஒரே பெயரில் ஆயிரக்கணக்கானவர்கள் இருப்பதால், பிறந்த தேதியையும் அம்மா பெயரையும் வைத்துத்தான் ஆளைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போதும் கேட்பார்கள். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் என் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எழுது, ஓர் எழுத்தும் விடாமல்.

சவர் விஷயத்துக்கு வருகிறேன். உன் குளியலறையில் கீசர் கிடையாது. தலைக்கு மேலே பானை மாதிரி தொங்குகிறதே, அதற்குள்ளேயே சூடேற்றும் கம்பிச்சுருள் (காயில்) இருக்கிறது. ஷுவெய்ரு என்பார்கள். பெரும்பாலும் 5500 வாட், 220 வோல்ட்டில் 25 ஆம்பியர் இழுக்கும். தொட்டியில் தேக்கிச் சுடவைப்பதில்லை, தண்ணீர் ஓடுகிற ஓட்டத்திலேயே சூடாகிறது. அதனால் குழாயை முழுக்கத் திறந்தால் தண்ணீருக்குச் சூடேற நேரம் கிடைக்காது. நீ செய்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். குழாயைக் கொஞ்சம் குறைத்துத் திற. ரொம்பக் குறைத்தாலும் உள்ளே அழுத்தம் போதாமல் சூடு அணைந்துவிடும். நடுவில் ஓரிடம் பிடிபடும். பானையில் ஒரு நெம்புகோல் இருக்கும்: 'வெராவ்' கோடை, 'இன்வெர்னு' குளிர்காலம். அதைத் தண்ணீர் ஓடும்போது மாற்றவே மாற்றாதே, காயில் கருகிவிடும். குழாயை மூடி, கையைத் துடைத்துவிட்டு மாற்று. குழாய்ப் பிடியைத் தொடும்போது விரலில் சுருக்கென்றால் எர்த் சரியில்லை. அன்றைக்கு அதில் குளிக்காதே, வீட்டுக்காரரிடம் உடனே சொல்.

அந்த ஊர்ச் சுவர் பிளக்கில் வருவது 127 வோல்ட். நம்முடையது 230. நீ பெட்டியில் வைத்துக்கொண்டு போன 700 வாட் ரைஸ் குக்கர் அங்கே 210 வாட்டுக்குத்தான் வேலை செய்யும், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அரிசி வேகாமல் ஊறிக் கூழாகும். அதை மூட்டையிலேயே வைத்துவிட்டு அங்கேயே ஒரு சின்ன பிரஷர் குக்கர் வாங்கிக்கொள். போன், லேப்டாப் சார்ஜரில் 100 முதல் 240 வரை என்று போட்டிருக்கும், கவலையில்லை. ஆனால் காம்பினாஸில் வாங்குகிற முடி உலர்த்தியை பிரசிலியாவுக்கோ ரெசிஃபேவுக்கோ எடுத்துப் போகாதே. அங்கெல்லாம் 220, செருகிய மறு நிமிடம் புகைந்துவிடும்.

கழிப்பறைக் காகிதத்தைப் பக்கத்துக் கூடையில் போட வேண்டும். குழியில் போட்டால் அடைக்கும்.

சாப்பாடு. மதியம்தான் அவர்களுக்குப் பெரிய வேளை. சோறும் ஃபெய்ஜாவும் தினம் உண்டு என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. ஃபெய்ஜாவ் என்றால் பீன்ஸ் பருப்பு, உங்கள் பக்கம் பழுப்பு நிறம், ரியோவில் கறுப்பு. பூண்டும் பிரிஞ்சி இலையும் போட்டுத் தாளிப்பார்கள். வாசனைக்காகப் பன்றி இறைச்சித் துண்டையும் அதிலேயே போட்டுவிடுவார்கள், அதைக் கறிக்குழம்பென்று யாரும் நினைப்பதில்லை. 'கார்னி', அதாவது இறைச்சி, வேண்டாமென்று நீ சொன்னால் பலர் காதில் மாட்டுக்கறி வேண்டாமென்றுதான் விழும். கோழியையோ ஹாமையோ வைத்துத் தருவார்கள், அன்பாகத்தான் தருவார்கள். அதனால் நீட்டியே சொல்: கார்னி, ஃபிராங்கு (கோழி), பெய்ஷி (மீன்), பிரெசுன்டு (ஹாம்) எதுவும் சாப்பிடமாட்டேன். ஃபெய்ஜாவில் கறி இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேள்.

பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்துக்கு பாண்டெஜாவ் என்று பெயர், தட்டிலிருந்து வந்த பெயர். கறியில்லாத பங்கு கேட்டு வாங்கலாம். பெரும்பாலும் நம்ம மீல்மேக்கர்தான் வரும். சொந்தமாக ஒரு குவளை பையில் இருக்கட்டும். சாப்பாட்டை வாங்கிக்கொண்டு அறைக்கு ஓடாதே, கயல். அந்த நீள மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற முக்கால் மணி நேரத்தில்தான் உனக்கு மொழியும் வரும், ஆளும் கிடைப்பார்கள். ஆனால் கையால் பிசைவதை வீட்டோடு வைத்துக்கொள். பீட்சாவைக்கூட அவர்கள் கத்தியும் முள்கரண்டியும் வைத்துத்தான் சாப்பிடுவார்கள். கையில் எடுக்கிற பலகாரத்தைக் காகிதக் கைக்குட்டையால் பிடிப்பார்கள்.

வாரச் சந்தைக்கு ஃபெய்ரா என்று பெயர், தெருவை அடைத்துப் போடுவார்கள். ஒரு தடவை போய்விட்டு வந்தால் உனக்கு ஊர் நினைப்பு கொஞ்சம் அடங்கும். சௌசௌவுக்கு அங்கே ஷூஷூ. வெண்டைக்காய் கியாபு. காராமணி ஃபெய்ஜாவ் ஃபிராஜிஞு. கொண்டைக்கடலை, கொத்தமல்லி, சீரகம், மஞ்சள்தூள், புளி எல்லாம் கிடைக்கும். துவரம்பருப்பு உடைத்ததாகக் கிடைப்பது அரிது. உடைத்த மஞ்சள் பட்டாணியில் சாம்பார் வை, முக்கால்வாசி ருசி வந்துவிடும். புழுங்கலரிசி வேண்டுமென்றால் பொட்டலத்தில் 'பார்போய்லிசாடு' என்று பார்.

உளுந்து இல்லாமல் தோசை இல்லையே என்று அழுதாயாமே, தம்பி சொன்னான். தபியோக்கா செய்து பார். மரவள்ளிக்கிழங்கு மாவு ஈரப்பதமாகப் பையில் விற்கும், 'கோமா' என்று எழுதியிருக்கும். சல்லடையில் சலித்துக் கட்டி உடைத்துக்கொள். கல்லை மிதமான தீயில் காயவை. எண்ணெய் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். நான்கு கரண்டி மாவைத் தூளாகவே தூவி, கரண்டி முதுகால் லேசாகச் சமப்படுத்து. ஒரு நிமிடத்தில் தூள் தானாக ஒன்றோடொன்று பிடித்து, கல்லை ஆட்டினால் வட்டமாக நகரும். அப்போது திருப்பு. தீ அதிகமானால் வறண்டு வெடிக்கும், குறைந்தால் சேராமல் உதிரும். உள்ளே தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் வைத்து மடி. மரவள்ளி அந்த மண்ணின் பயிர், அங்கிருந்துதான் நம் கரைக்கு வந்தது. முந்திரியும் அப்படித்தான். அவர்கள் கொட்டையைவிடப் பழத்தைத்தான் கொண்டாடுவார்கள், ஜூஸ் பிழிந்து.

போர்ச்சுகீசிய மொழியைக் கண்டு மிரளாதே. 1500 ஏப்ரலில் பிரேசில் கரையைத் தொட்ட போர்ச்சுகீசிய மாலுமி கப்ராலின் கப்பல்கள்தான் அதே ஆண்டு செப்டம்பரில் கள்ளிக்கோட்டைக்கு வந்தன. அந்தப் போக்குவரத்தில் வந்த சொற்கள் நம் வீட்டிலேயே கிடக்கின்றன: ஜன்னல் அங்கே ஜனேலா, சாவி ஷாவி, மேசை மேசா, அலமாரி அர்மாரியு, பொத்தான் போட்டாவ். நாம் கொடுத்ததும் உண்டு, மாம்பழம் அவர்களுக்கு மங்கா. இன்னொரு சௌகரியம்: நாம் 'வேணுமா?' என்றால் 'வேணும்' என்போம், 'இருக்கா?' என்றால் 'இருக்கு' என்போம். அவர்களும் அப்படியே வினையைத் திருப்பிச் சொல்வார்கள். 'கெர்?' என்றால் 'கேரு'. 'தேய்ங்?' என்றால் 'தேய்ங்'. ஆங்கிலத்தில் யோசித்து மொழிபெயர்க்காமல் தமிழிலிருந்து நேரே தாவு, சுலபமாக இருக்கும். இரண்டு இடத்தில் மட்டும் கவனம். ரொட்டிக்கான 'பாவ்' மூக்கொலியோடு வர வேண்டும், இல்லாவிட்டால் கெட்ட வார்த்தையாகிவிடும். தேங்காய்க்கு 'கோக்கு', அழுத்தம் முதலெழுத்தில். கடைசியில் அழுத்தினால் மலம்.

நம் தலையாட்டலையும் கொஞ்சம் நிறுத்திவை. நீ சரியென்று பக்கவாட்டில் ஆட்டுவது அவர்கள் கண்ணுக்கு வேண்டாமென்று படும். வாயால் 'சிங்' (ஆம்) சொல்லிவிடு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாக்கிக் காட்டாதே, அங்கே அது ஆபாசம்.

கன்னம் வைப்பது உங்கள் மாநிலத்தில் ஒரு தடவை, ரியோவில் இரண்டு. கன்னம் லேசாகப் படும், முத்தச் சத்தம் காற்றில்தான். கூச்சமாக இருந்தால் நீயே முதலில் கையை நீட்டு, யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள். ஆனால் உள்ளே நுழைந்ததும் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும், கிளம்பும்போதும் அப்படியே. சொல்லாமல் நழுவுவதுதான் மரியாதைக்குறைவு.

'ஒருநாள் வீட்டுக்கு வா' என்று பலர் சொல்வார்கள். நீ காத்திருந்து, அழைப்பு வரவில்லையே என்று மனம் வாடியதாகச் சொன்னாய். அவர்கள் ஏமாற்றவில்லை, கண்ணு. உன்னைப் பிடித்திருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நாள், மணி, முகவரி மூன்றும் சேர்ந்தால்தான் அழைப்பு. அல்லது நீயே சனிக்கிழமை வரட்டுமா என்று கேட்டுவிடு. 'வாய் இருக்கிறவர் ரோமாபுரிக்கே போவார்' என்று அவர்கள் பழமொழி, நம்ம வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதுதான். வீட்டு விருந்து எட்டு மணி என்றால் எட்டரைக்குப் போ. வகுப்புக்கும் டாக்டருக்கும் சொன்ன நேரத்துக்குப் போ. வருகைப்பதிவு 75 சதவீதம் இல்லாவிட்டால் மதிப்பெண் இருந்தாலும் பாடம் போய்விடும். ஷுஹாஸ்கு என்று கறி சுடும் விருந்துக்குக் கூப்பிட்டால் என்ன கொண்டுவரட்டும் என்று கேள். நீ குச்சியில் சுடுகிற பாலாடைக்கட்டியும் பூண்டு ரொட்டியும் வாங்கிப் போனால் உனக்கும் சாப்பாடாச்சு, அடுப்பிலும் இடம் கிடைக்கும்.

இப்போது நான் நிஜமாகவே பயப்படுகிற விஷயம். உங்கள் பக்கத்து ஏரிக்கரையில் கபிவாரா மேய்வதை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாய். அழகான பிராணிதான். ஆனால் அது மேய்கிற புல்லில் உண்ணி இருக்கும். காம்பினாஸ் வட்டாரத்தில் அந்த உண்ணி 'ஃபெப்ரி மாக்குலோசா' என்ற காய்ச்சலைப் பரப்புகிறது. 2023இல் அங்கே அதில் ஆட்கள் இறந்தார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை குட்டி உண்ணிகள் அதிகம், கடுகைவிடச் சின்னது, கண்ணில் படாது. அந்தப் புல்லில் உட்காராதே. நடக்க வேண்டியிருந்தால் வெளிர்நிற முழுக்கால் சட்டை, அதன் முனையை சாக்ஸுக்குள் விடு. இரண்டு மூன்று மணிக்கொரு தடவை உடம்பைப் பார். கிருமி இறங்க உண்ணி சில மணி நேரம் ஒட்டியிருக்க வேண்டும், சீக்கிரம் எடுத்தால் தப்பலாம். சாமணத்தால் மெதுவாகத் திருகி எடு, நகத்தால் நசுக்காதே. அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி வந்தால் தடிப்பு வரட்டும் என்று காத்திருக்காதே. அன்றே போய், உண்ணி இருந்த இடத்துக்குப் போனேன் என்று நீயாகச் சொல். உண்ணிக்கு அங்கே 'கஹபாட்டு'. ரத்தப் பரிசோதனை முடிவு வரும் முன்பே டாக்ஸிசைக்ளின் மருந்தைத் தொடங்கினால்தான் பலன், அதனால்தான் நீ சொல்வது முக்கியம். அரசு மருத்துவம் வெளிநாட்டவருக்கும் இலவசம். ஆம்புலன்ஸ் 192, போலீஸ் 190.

தெருவில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதே. வழி பார்க்க ஏதாவது கடைக்குள் போ. யாராவது மிரட்டிக் கேட்டால் கொடுத்துவிடு, பேசாதே, முறைக்காதே. போனுக்கென்று உள்ள ஐஎம்இஐ எண்ணை இன்றே எழுதி அனுப்பு. இந்த மாதம் காற்று வறட்சியாக இருக்கும், மூக்கில் ரத்தம் வந்தால் பயப்படாதே. ராத்திரி அறையில் ஈரத்துண்டைத் தொங்கவிடு.

போகுமுன் போட்ட மஞ்சள் காய்ச்சல் ஊசியின் அட்டை எங்கே இருக்கிறது? டிசம்பரில் நீ வரும்போது அதை நம் நாட்டு விமான நிலையத்தில் கேட்பார்கள், பிரேசிலிலிருந்து வருகிறவர் எல்லோரிடமும் கேட்பார்கள். ஊசி ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், ஆனால் அட்டை கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை உன்னைத் தனியே வைத்துவிடுவார்கள், நாங்கள் வெளியே நின்றுகொண்டிருப்போம். பெட்டியில் போடாதே. பாஸ்போர்ட்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வை. வைத்துவிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்பு.

அன்புடன்,
அம்மா