தேர்வுக்கு அஞ்சுகிறோமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கட்டுரை முழுவதோடும் எனக்குச் சண்டை இல்லை. நடுவில் ஒரு வரி: ‘அமெரிக்காவில் ஆசிரியர்கள் நேஷனல் போர்டு சான்றிதழை ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டாயமாகப் புதுப்பிக்கிறார்கள், நம்மவர்களோ ஒரே ஒரு தேர்வுக்கு அஞ்சுகிறார்கள்.’ அந்த ‘நம்மவர்களோ’வில் இருக்கிற ஓகாரத்தை ஒரு வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன். இன்னும் உள்ளே இறங்கவில்லை.

அஞ்செட்டி போகும் சாலையில் ஒரு ஈராசிரியர் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது தங்களுக்குத் தெரியாததல்ல. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும், தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். ஐந்தாண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் எழுதாமலே இருக்கலாம், பதவி உயர்வு மட்டும் கேட்கக்கூடாது. எனக்கு இன்னும் பத்து ஆண்டு இருக்கிறது, எங்கள் தலைமையாசிரியருக்கு மூன்று. ஆகவே ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே அவர் தகுதியுள்ளவர், நான் தகுதியில்லாதவள். இதே டெட்டை 2010 ஆகஸ்டில் கொண்டுவந்தபோது ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்றார்கள். நாங்களும் நம்பி விட்டுவிட்டோம். தீர்ப்பைக் குறை சொல்ல நான் யார்? எழுதத்தான் போகிறேன். நவம்பர் 15, தாள் ஒன்று, 150 கேள்வி. தேற எனக்கு 82 மதிப்பெண் வேண்டும்.

அஞ்சியவள் செய்கிற வேலையா இது, தாங்களே சொல்லுங்கள். இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் காலை ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்து ஓசூரில் ஒரு மாடியில் நடக்கும் பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். நடத்துகிற தம்பி என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவன். முதல் நாள் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டான். வருகைப் பதிவு எடுக்கும்போது என் பெயரைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை, ‘டீச்சர்’ என்றான். அறையில் இருந்த பதினொரு பேர் நிமிர்ந்து பார்த்தோம். அவன் 2022-ம் ஆண்டுத் தேர்வில் தேறியவன். முன்பு ஏழாண்டுதான் செல்லும் என்றிருந்த சான்றிதழை 2021-ல் ஆயுள் முழுதும் செல்லும் என்று மாற்றினார்களே, அந்தச் சலுகை அவனுக்கும் உண்டு. லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறான். ஆனால் 2018-லேயே இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்று அரசாணை போட்டுவிட்டதால் வேலை இன்னும் வரவில்லை. தகுதியுள்ள அவனுக்கு வேலை இல்லை, வேலையுள்ள எனக்குத் தகுதி இல்லை. இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே அறையில் உட்கார்ந்து, குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைப் படிப்படியாகப் பிரித்துச் சொன்ன உளவியலாளர் பியாஜேயைப் படிக்கிறோம்.

தேர்வு எழுதாதவர்கள் என்று எங்களைச் சொன்னால்தான் எனக்குத் தாங்கவில்லை. நான் 2004-ல் மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவள். 2006 ஜூன் 1-ல்தான் காலமுறை ஊதியம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் நான் கற்றுக்கொடுத்த ‘அ’வும் ‘ஆ’வும் பணிக்காலக் கணக்கில் இல்லை. அது போகட்டும். பிறகு தொலைநிலைக் கல்வியில் பி.ஏ., பி.எட். முடித்தேன். படிக்க முன் அனுமதி, படித்த பிறகு அதைப் பணிப் பதிவேட்டில் ஏற்ற ஒரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு ஒரு நினைவூட்டு. நடுவில் என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்கு உண்மைத்தன்மைச் சான்று வேண்டுமென்றார்கள். அந்தப் பட்டியலைக் காட்டித்தான் வேலைக்கே சேர்ந்தேன், பல ஆண்டு சம்பளமும் வாங்கிவிட்டேன். அது உண்மைதான் என்று பதில் வர நான்கு ஆண்டு ஆயிற்று. அதற்குள் எம்.ஏ. தமிழும் எழுதினேன். தேர்வு முடிவு 2020 மே மாதம் வந்தது. கூடுதலாகப் படித்தவர்களுக்குத் தருகிற ஊக்க ஊதிய உயர்வை நிறுத்தும் அரசாணை அதே ஆண்டு மார்ச் 10-ல் வந்துவிட்டது. இரண்டு மாதம் முந்திப் பிறக்காதது என் எம்.ஏ.வின் குற்றம்.

அன்றைக்கு நான் அழவில்லை. கொரோனா காலம், அழுவதற்கு வேறு காரணங்கள் இருந்தன.

இப்போது தங்கள் அமெரிக்காவுக்கு வருகிறேன். என் மகள் கைபேசியில் தேடிப் படித்துக் காட்டினாள். பள்ளியில் பாடம் நடத்த மாநில அரசு தருகிற உரிமம் வேறு, நேஷனல் போர்டு சான்றிதழ் வேறு. 1987-ல் தொடங்கிய அமைப்பு அது. மூன்றாண்டு அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், வேண்டாமென்றால் சும்மா இருக்கலாம். யாரும் வேலையை விட்டுத் தூக்குவதில்லை. கட்டணம் நான்கு பகுதிக்கும் சேர்த்து 1,900 டாலர், குறைந்த தொகை இல்லை. ஆனால் நான்கில் ஒன்றுதான் கணினித் தேர்வு. மற்றவற்றுக்குத் தன் மாணவர்கள் எழுதியதைக் காட்ட வேண்டும், தான் பாடம் நடத்துவதை வெட்டி ஒட்டாமல் படம் பிடித்து அனுப்ப வேண்டும், அந்த இடத்தில் ஏன் அப்படிச் செய்தேன் என்று எழுத வேண்டும். மதிப்பிடுகிறவர்களும் ஆசிரியர்களே. புதுப்பிக்கும்போதும் வகுப்பறையைத்தான் கேட்கிறார்கள். வட கரோலினா மாநிலத்தில் அந்தச் சான்றிதழ் பெற்றவருக்குச் சம்பளத்தில் 12 சதவீதம் கூடுதல். கட்டுரையாளர் ஐந்தாண்டை எடுத்துக்கொண்டார், பன்னிரண்டு சதவீதத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். விமானத்தில் எடை கட்டுப்பாடு போலிருக்கிறது.

நான் சேர்ந்த நாளிலிருந்து என் வகுப்பில் ஒரு பாடவேளை முழுதும் உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினேன். ஒரு கை விரல் போதும். வருகிறவர்கள் பதிவேட்டைப் பார்ப்பார்கள், எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் வருகை ஏற்றியாயிற்றா என்று கேட்பார்கள், காலை உணவின் ருசி பார்ப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள்.

உட்கார்ந்திருந்தால் ஒன்று பார்த்திருப்பார்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் வீட்டில் கன்னடம். பால் படத்தைக் காட்டினால் ‘ஹாலு’ என்பார்கள், பல்லுக்கு ‘ஹல்லு’, புலிக்கு ‘ஹுலி’. ஆரம்பத்தில் நானும் ‘தப்பு, பால் சொல்லு’ என்று திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பெண் குழந்தை அதோடு வாயே திறக்கவில்லை, மூன்று மாதம். அப்புறம்தான் புத்தி வந்தது. கரும்பலகையில் இரண்டு வரிசை போட்டேன். இந்தப் பக்கம் அவர்கள் சொல், அந்தப் பக்கம் நம் சொல். ‘ஹ’வை எடுத்துவிட்டு ‘ப’ போடு, தமிழ் வந்துவிடும். ஹத்து பத்தாயிற்று, ஹூவு பூவாயிற்று. ஒரே கூச்சல், விளையாட்டாகிவிட்டது. அந்த ஊமைக் குழந்தை எழுந்து கேட்டது: ‘டீச்சர், அப்போ நம்ம ஹள்ளியும் பள்ளியும் ஒண்ணா?’ ஹள்ளி என்றால் அவர்களுக்கு ஊர். ஒன்றுதான் கண்ணு, ஒரே சொல்தான் என்றேன். எம்.ஏ. தமிழ் படித்ததற்கு எனக்குக் கிடைத்த ஊக்க ஊதியம் அதுதான்.

இதை 150 கேள்வியில் எந்தக் கேள்விக்கு விடையாக எழுதுவது? ஓ.எம்.ஆர். தாளில் கறுப்புப் பேனாவால் எந்த வட்டத்தை நிரப்புவது? எங்களைச் சோதிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துப் பள்ளிகளிலேயே சோதிக்கப்பட வேண்டியவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் மனப்பாடத்தில் கெட்டிக்காரர்கள், டெட்டை என்னைவிடச் சுலபமாகத் தேறிவிடுவார்கள்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். ஒன்று, அந்த வரியில் உள்ள ‘கட்டாயமாக’ என்ற சொல் தவறு என்று நான்கு வரித் திருத்தம் போடுங்கள். ‘அஞ்சுகிறார்கள்’ தங்கள் கருத்து, வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, திங்கட்கிழமைதோறும் வரும் டெட் மாதிரி வினாத்தாளுக்கு ‘விடைகள் நாளை’ என்று போடுகிறீர்கள். எங்கள் பதிப்பில் மறுநாள் அந்த இடத்தில் மனை விளம்பரம்தான் வருகிறது. விடையை அன்றைக்கே அதே பக்கத்தில் தலைகீழாகவாவது அச்சிட்டால் நல்லது. சென்ற வாரத்துக்கு முந்தைய வாரம் தப்பிப் பிழைத்து வந்த விடைகளில் 14-ம் கேள்விக்கு விடை தவறு. 7 முதல் 11 வயது வரை பியாஜே சொல்வது புலனீடான செயல்நிலை; தாங்கள் போட்டிருப்பது அதற்கு முந்தைய நிலை. இவற்றை நவம்பர் 15-க்கு முன்னால் செய்தால் எனக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
ஓர் இடைநிலை ஆசிரியை,
தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.

(பெயரைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். தேர்வுக்கு அஞ்சவில்லை, 17பி என்கிற ஒழுங்கு நடவடிக்கைக்கு அஞ்சுகிறேன்.)