மேளத்தை நிறுத்தச் சொன்ன காகிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொது அமைதியைக் குலைத்ததாக 19-ஆம் நூற்றாண்டில் நடந்த வழக்குகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இப்போதுதான் படித்தேன். சென்னைக்குப் போயிருந்த மருமகள் ஊறுகாய்ப் பாட்டிலைச் சுற்றிக் கட்டிய துணிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. கடிதம் தாமதமாக வருவதற்கும் அதுவே காரணம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன். கட்டுரையில் 144 என்று வரும் இடத்திலெல்லாம் இரண்டு சட்டங்கள் கலந்து கிடக்கின்றன. தண்டனைச் சட்டத்தின் 144, ஆயுதத்தோடு சட்டவிரோதக் கூட்டத்தில் சேருகிறவனுக்கு இரண்டு வருஷம் வரை சிறை என்கிறது. "ஊரில் நூற்று நாற்பத்து நாலு போட்டிருக்கிறார்கள்" என்று நாம் பேசிக்கொள்வது அதுவல்ல. அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உள்ள 144, மாஜிஸ்திரேட் போடும் தடையுத்தரவு. அதற்கு அந்த எண்ணே 1882-ல்தான் வந்தது. 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 62, 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 518. ஆகவே 1870-களின் வழக்கு ஒன்றை "144-இன் கீழ்" என்று எழுதியது பொருந்தாது. உங்கள் ஊரில் 2024 ஜூலை 1 முதல் அது 163 ஆகிவிட்டதாம். பர்மாவில் எங்களுக்கு இன்னும் 144தான். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு எங்கள் தெருவில் பால் குடிக்கிற பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் அந்த எண் தெரியும்.

ரங்கூனில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நினைக்கலாம். 1937 வரை பர்மா இந்தியாவோடு சேர்ந்தே ஆளப்பட்டது. மெக்காலே 1837-லேயே வரைவு போட்டு, 1860-ல் நிறைவேறி, 1862 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டம்தான் இங்கேயும் வந்தது. திருத்தங்கள் உண்டு, ஆனால் பிரிவு எண்கள் பெரும்பாலும் அப்படியே. நான் முப்பது வருஷத்துக்கு மேல் கோர்ட்டு வாசலில் குடையை நட்டு, தட்டச்சு இயந்திரத்தை மடியில் போடாத குறையாக மனு அடித்துப் பிழைத்தவன். பன்சோடன் தெரு நடைபாதையில் வாங்கிய பழைய சட்டப் புத்தகம் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. முதுகைக் கறையான் தின்றுவிட்டது, பிரிவுகளைத் தின்னவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையாளர் இந்த வழக்குகளை வேடிக்கைக் கதைகளாக, நம் ஜனங்களின் சண்டைக் குணத்துக்குச் சாட்சியாக எழுதிவிட்டார். தெருவில் குடித்துவிட்டு இரண்டு பேர் அடித்துக்கொள்வது தண்டனைச் சட்டத்தின் 159, 160-ஆம் பிரிவுகள். அன்றைய தண்டனை அதிகம் போனால் ஒரு மாசம், இல்லையென்றால் 100 ரூபாய். பெட்டி கேஸ். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. அடிதடி செய்யாதவர்களை அமைதியைக் குலைத்ததாகக் கூண்டில் ஏற்றிய வழக்குகள்தான் எனக்குப் பெரிது.

இங்கிலாந்தில் வெஸ்டன்-சூப்பர்-மேர் என்று ஒரு கடற்கரை ஊர். இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பினர் பாட்டும் கொடியுமாகத் தெருவில் போவார்கள். அவர்களை அடிக்கவென்றே 'எலும்புக்கூட்டுப் படை' என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் கிளம்பும். 1882 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர்வலம் போகக்கூடாது என்ற அறிவிப்பையும் மீறிப் போனார்கள் என்று பீட்டி என்பவரையும் கூட்டாளிகளையும் பிடித்து, ஒரு வருஷத்துக்கு ஒழுங்காக இருப்போம் என்று பிணை எழுதித் தரச் சொன்னார்கள். மேல்முறையீட்டில் அந்தப் பிணை உத்தரவு ரத்தாயிற்று. நியாயமான காரியத்தைச் செய்கிறவன், அதைப் பார்த்து இன்னொருவன் அநியாயம் செய்வான் என்று தெரிந்திருந்தாலும் குற்றவாளி ஆகமாட்டான் என்பது தீர்ப்பின் சாரம்.

ஆனால் அதற்கு 18 வருஷத்துக்கு முன், 1864-ல், அயர்லாந்தில் தலைகீழாகத் தீர்ப்பு. ஹம்ஃப்ரீஸ் என்ற பெண்மணி ஆரஞ்சு லில்லிப் பூ ஒன்றைக் குத்திக்கொண்டு தெருவில் நடந்தார். அந்தப் பூ புராட்டஸ்டண்டுகளின் கட்சி அடையாளம். பின்னால் கூட்டம் கூடிக் கத்தியது. கானர் என்ற போலீஸ் அதிகாரி பூவைப் பிடுங்கிவிட்டார். அந்த அம்மாள் வழக்குப் போட்டுத் தோற்றார். அமைதிக்காக எடுத்தது சரி என்றது கோர்ட்டு. நீதிபதிகளில் ஃபிட்ஸ்ஜெரால்டு மட்டும், இப்படிப் போனால் நாட்டின் சட்டத்தைக் கும்பலின் சட்டம் மிஞ்சிவிடுமே என்று தயங்கினார். என் ஓட்டு அவருக்குத்தான்.

நம் பக்கத்தில் இந்த இரண்டையும் ஒரே தீர்ப்பில் முடிச்சுப் போட்டார்கள். 1883-ல் சுந்தரம் செட்டி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது இது: பொதுச் சாலையில் வாத்தியத்தோடு ஊர்வலம் போக எந்தச் சமயத்தாருக்கும் உரிமை உண்டு, ஆனால் கலகம் வரும் என்று கண்டால் மாஜிஸ்திரேட் தடுக்கலாம். உரிமை உனக்கு, சாவி அவரிடம். காலத்தையும் பார்க்க வேண்டும். 1882 ஆகஸ்டில்தான் இந்து-முஸ்லிம் மோதலான சேலம் கலவரம். அதைத் தூண்டினார் என்று நகரசபை உறுப்பினரான சி. விஜயராகவாச்சாரியாருக்குப் பத்து வருஷம் போட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார். பிறகு தன்னை நகரசபையிலிருந்து நீக்கியதற்காக அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டு 100 ரூபாய் நஷ்டஈடும் வாங்கினார். 1920 நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் அவரேதான். கட்டுரையில் அவர் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. ஏன் என்று புரியவில்லை.

இதெல்லாம் ஏட்டுச் சங்கதி. நான் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன்.

1961. எனக்குப் பத்து வயது, தெற்குப் பர்மாவில் மோல்மின் என்ற ஊரில் இருந்தோம். அம்மன் கோயில் திருவிழா ஊர்வலத்துக்கு லைசென்ஸ் வாங்கியிருந்தார்கள். பள்ளிவாசலுக்கு முன்னால் இந்த விளக்குக் கம்பத்திலிருந்து அந்த விளக்குக் கம்பம் வரை மேளம் நிற்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. நின்றது. நாயனக்காரர் சீவாளியைக் கழற்றி, ஈரம் காயாமல் இருக்க வாயில் அதக்கிக்கொண்டார். தவில்காரருக்குக் கை நிற்கவில்லை. விரல் கூடுகளோடு தன் தொடையிலேயே தாளம் போட்டபடி நடந்தார். பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களும் தமிழ் ஆட்கள்தான், காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து வம்சம். அதில் ஒரு பெரியவர், எங்கள் அப்பாவை மாப்ளே என்று கூப்பிடுகிறவர், எழுந்து வந்தார்.

"தொழுகை முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு மாப்ளே. அடிக்கச் சொல்லு. அம்மாளை இப்படியா ஊமையாக் கூட்டிட்டுப் போறது?"

அப்பா கூட வந்த போலீஸ்காரரைப் பார்த்தார். சின்ன வயசு பர்மியப் பையன். அவன் காகிதத்தைப் பிரித்து, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினான். பெரியவர் அவனிடம் பர்மிய மொழியில், பள்ளிவாசல் சார்பாக நானே சொல்கிறேன் என்றார். அவன் மறுபடியும் அதே வரியில் விரலை வைத்தான். ஊர்வலம் ஊமையாகவே இரண்டாவது கம்பத்தைத் தாண்டியது.

அந்தக் காகிதத்தின் வம்சம் 1861-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தில் தொடங்குகிறது. அதன் 30-ஆம் பிரிவு, திருவிழாக் காலத்தில் தெருவில் எவ்வளவு வாத்தியம் வாசிக்கலாம் என்று அளந்து கொடுக்கும் அதிகாரத்தைப் போலீசுக்குக் கொடுத்தது. தொழுகை நேரத்தில் நிறுத்துவது மரியாதை. அதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை, எங்கள் ஆட்கள் தாமாகவே நிறுத்துவார்கள். அவர்களே வாசி என்கிறபோதும் நிறுத்தச் சொல்கிற உத்தரவை என்னவென்று சொல்வது?

கலகமே நடக்காத பூமி இது என்று நான் பூசி மெழுகவில்லை. பசு, தண்டனைச் சட்டம் சேதப்படுத்தக்கூடாது என்று காக்கும் புனிதப் 'பொருள்' ஆகாது என்று 1887-ல் இமாம் அலி வழக்கில் அலகாபாத் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு வடக்கே பசுப் பாதுகாப்புக் கிளர்ச்சி பெரிதாகி, 1893-ல் ஊர் ஊராக அடிதடி. அதே வருஷம் பக்ரீத்தை ஒட்டி ரங்கூனிலும் கலவரம் நடந்தது. மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரமே கூடாது என்று சொல்லவில்லை. அந்த அதிகாரம் ஒரு நாள் தேவைக்கு வந்து நூறு வருஷம் தங்கிவிடுகிறதே, அங்கேதான் எனக்கு வருத்தம்.

அப்புறம், கட்டுரையாளர் 1899-ஆம் ஆண்டின் ரங்கூன் போலீஸ் சட்டத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். பொழுது சாய்ந்ததிலிருந்து விடிகிற வரை இருட்டில் பதுங்கி நிற்கிறவன், ஏன் நிற்கிறான் என்று திருப்தியாகச் சொல்லாவிட்டால் மூன்று மாசம் வரை உள்ளே போகலாம். இங்கே அதற்கு 'மௌங் யெய் கோ', அதாவது இருட்டு நிழலில் ஒதுங்கிய கேஸ் என்று பெயர். என் தம்பி 1974-ல் இரண்டாவது ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு, செருப்பு வார் அறுந்து, ஒரு கடை ஓரமாகக் குனிந்து முடி போட்டுக்கொண்டிருந்தபோது பிடிபட்டான். ஒரு ஸ்டேஷனில் இரண்டு இரவு வைத்திருந்தார்கள். அறுந்த செருப்பைத் தூக்கிக் காட்டியும் திருப்தி வரவில்லை. அந்தத் தெருவில் அன்றைக்கு இருந்த அமைதியை அவன் எப்படிக் குலைத்தான் என்று இன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை.

144 பற்றிய திருத்தத்தை அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது போடுங்கள். சேலம் வழக்கைத் தனியாக எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. சேலத்துப் பூர்வீகக் குடும்பங்கள் இங்கே சில இருக்கின்றன, படிக்கக் காத்திருக்கிறார்கள். மருமகள் சித்திரையில் மறுபடியும் சென்னை வருகிறாள், அதற்குள் வந்தால் வாங்கிக்கொண்டு வருவாள்.

இப்படிக்கு,
பழைய மனு எழுத்தர் ஒருவர்,
யாங்கோன் (ரங்கூன்)