பாய்க்கு ஒரு காற்று, கொடிக்கு ஒரு காற்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓவியம் பார்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை தலையாட்டினேன். இரண்டாம் முறை கோபம் வந்தது. வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலேயே ஒரு படத்தின் முன் அரை நிமிடம்கூட நிற்பதில்லையாம். நம் மக்களுக்கோ பார்க்கவே தெரியாதாம். ஆகவே பயிற்சி வேண்டும், ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே விரிவான விளக்கம் எழுதி மாட்ட வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். மண்டபம் பக்கத்தில் ஒரு கடலோரப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். பயிற்சி பெற்ற கண் எந்த லட்சணத்தில் பார்க்கும் என்பதற்கு என்னையே சாட்சிக் கூண்டில் ஏற்றலாம்.

ஒரு வருடம் ஆண்டு விழாவுக்கு மாணவர்களின் ஓவியங்களைச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தோம். முதல் பரிசு கொடுத்த படத்தில் பாம்பன் பாலம், அதன் முன்னே பாய் விரித்த வள்ளம். தூரம் போகப் போகத் தூண்கள் சிறுத்துக்கொண்டே போவதை எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அத்தனை ஒழுங்காகப் போட்டிருந்தான். தண்ணீரில் பச்சையும் நீலமும் சேரும் இடத்தையும் பிடித்திருந்தான். நான் மயங்கிவிட்டேன். விழாவன்று அந்தப் பையனின் தாத்தா வந்தார். பாயோட்டிய காலத்து மனிதர். சட்டைப் பையில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருக்க, படத்தின் முன் நின்றார். பத்து எண்ணுவதற்குள் என் பக்கம் திரும்பினார்.

“வாத்தியாரே, இந்த வள்ளத்துக்கு இரண்டு காற்றா?”

எனக்குப் புரியவில்லை. விரலை நீட்டிக் காட்டினார். பாய் முன்பக்கமாக, அணியத்தை நோக்கிப் புடைத்து நிற்கிறது. அதாவது காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. பாய்மரத்தின் உச்சியில் உள்ள சிறு கொடியோ பின்பக்கமாகப் படபடக்கிறது. “பாய்க்குக் கச்சான் அடிக்கிறது, கொடிக்கு வாடை அடிக்கிறது. பாவம், ஓட்டுகிறவன் என்ன செய்வான்?” என்று சிரித்தார். கச்சானும் வாடையும் எதிரெதிர்த் திசையிலிருந்து வரும் காற்றுகள். பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “தேர்தலுக்கு வருகிற ஜீப்பில் கொடி பின்னால்தானே சார் பறக்கும்?” என்றான். அவன் வண்டியில் பறக்கும் கொடியைத்தான் பார்த்திருக்கிறான். அவன் காலத்தில் எல்லாமே விசைப்படகு. நானோ ஒரு வாரம் அந்தப் படத்தை மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தூண்களை எண்ணினேன். கொடியைப் பார்க்கவில்லை.

இதில் யாருக்குப் பார்க்கத் தெரிந்தது?

கட்டுரையாளர் சொல்லும் அரை நிமிடக் கணக்கு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் எடுத்தது என்று நினைக்கிறேன். 2001இல் வெளிவந்தது. சராசரி 27 நொடி. பாதிப் பேர் 17 நொடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். கேட்டால் வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் கண் வேலை செய்யும் விதத்தையும் சேர்த்துப் பாருங்கள். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட அந்த நகத்தளவு இடம்தான் ஒரு நேரத்தில் நமக்குத் துல்லியமாகத் தெரிகிறது. மற்றதெல்லாம் மங்கல். அதனால்தான் கண் நொடிக்கு மூன்று நான்கு முறை இடம் மாறி மாறிக் குத்தி நிற்கிறது. 17 நொடியில் ஐம்பது அறுபது நிறுத்தங்கள். கொடியைக் கண்டுபிடிக்கத் தாத்தாவுக்கு அவ்வளவுகூடத் தேவைப்படவில்லை. (வளைகோடு ஒன்றைக் கரும்பலகையில் இழுத்து, ‘பார்வை இதன் வழியே வழுக்கிச் செல்லும்’ என்று வருடா வருடம் பாடம் நடத்தியவன் நான். அசையாத படத்தின் மேல் கண் வழுக்குவதே இல்லை, தாவுகிறது. என்னிடம் படித்தவர்கள் மன்னிக்க வேண்டும்.)

அப்படியானால் கண் எங்கே தாவும் என்பதை எது தீர்மானிக்கிறது? இதை 1960களில் யார்பஸ் என்ற ரஷ்ய ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். சின்னக் கிண்ணம்போல ஒன்றைக் கண்விழியின் மேலேயே ஒட்டவைத்து அசைவைப் பதிவு செய்தார். நம் ஊரில் யாராவது சம்மதிப்பார்களா என்று தெரியவில்லை. அவர் எடுத்துக்கொண்டது ரேப்பின் என்ற ரஷ்ய ஓவியர் வரைந்த படம். நாடுகடத்தப்பட்ட ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் நுழைகிறார், வீட்டார் திகைக்கிறார்கள். அதே படத்தை ஒரே ஆள் ஏழு முறை, தடவைக்கு மூன்று நிமிடம் பார்த்தார். முதலில் யார்பஸ் அவரைச் சும்மா பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு முறையும் வேறு கேள்வி. இவர்களுக்கு என்ன வயதிருக்கும் என்று கேட்டால் கண் முகத்துக்கு முகம் போனது. வசதியான குடும்பமா என்று கேட்டால் மேசை நாற்காலிக்கும் உடைகளுக்கும் போனது. வந்தவர் எத்தனை காலம் வீட்டைப் பிரிந்திருந்தார் என்றபோது, அவர் முகத்துக்கும் மற்றவர் முகங்களுக்கும் இடையில் போய்ப் போய் வந்தது. ஒரே படம், ஒரே கண், மூன்றே நிமிடம். பதிவான கோடுகள் மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தன. தாத்தாவிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை. ‘காற்று எங்கிருந்து?’ என்ற கேள்வியைக் கடலில் இருந்த காலம் முழுக்க அவரே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்த விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் பிடிபட்டது. இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது வழக்கம். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டிய சுவரோவியங்கள். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், சேதுபதியைக் காண வந்த ஐரோப்பியர், இராமாயணக் கதை என்று சுவர் சுவராகப் போகும். ஆரம்பத்தில் நான் வாசலிலேயே நிறுத்தி, “உள்ளே வெள்ளைக்காரர் படம் இருக்கிறது, பாருங்கள்” என்பேன். பிள்ளைகள் நேரே போய்த் தொப்பியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஐஸ் கேட்பார்கள். பிற்பாடு வந்த ஒரு வகுப்பிடம் எதையும் சொல்லவில்லை. “இந்தச் சுவரில் யார் கண் யாரைப் பார்க்கிறது என்று கண்டுபிடியுங்கள்” என்று மட்டும் சொன்னேன். அன்று பஸ்ஸைத் தவறவிட்டோம்.

அந்தச் சுவர்களிலேயே தமிழில் எழுதி வைத்திருக்கிறதே, அது விளக்கமில்லையா என்று கட்டுரையாளர் என்னை மடக்கலாம். நியாயம்தான். அதில் இன்னாரின்னார் என்று இருக்குமே தவிர, என்ன பார்க்க வேண்டும், எதை வியக்க வேண்டும் என்று இருக்காது. இருந்தும் எழுத்து கண்ணில் பட்டால் பிள்ளைகள் முதலில் அதைத்தான் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். படித்துவிட்டு, படம் அதற்குச் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை நிமிர்ந்து சரிபார்ப்பார்கள். அவ்வளவுதான். விளக்கத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னால் வரட்டும் என்கிறேன்.

பயிற்சி வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நார்வே ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஓவியம் கற்றவர்களின் கண் மனிதர்களையும் பொருள்களையும் விட்டுவிட்டு வெற்றிடம், வண்ணம், அமைப்பு என்று போவதைப் பார்த்திருக்கிறார்கள். கல்லாதவர்கள் ஆளையும் பொருளையுமே அதிகம் பார்த்தார்கள். முன்னது உயர்வு, பின்னது மட்டம் என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை. பாலத்தின் அமைப்பில் மூழ்கிப்போய்க் கொடியைக் கோட்டைவிட்ட ஆள் நான்.

ஒரு வேண்டுகோள். நீங்கள் அட்டையில் ஓவியம் போடும்போதெல்லாம் உள்அட்டையில் ஆறேழு வரி விளக்கம் இருக்கிறது. ஒரே ஒரு இதழுக்கு அதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளி, அந்த இடத்தில் ஒரு கேள்வியை அச்சிட்டுப் பாருங்கள். என்ன கடிதங்கள் வருகின்றன என்று பார்க்க எனக்கு ஆசை.

கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லை என்று வெட்டுவதாக இருந்தால் ரஷ்யக்காரரை வெட்டிக்கொள்ளுங்கள். கொடியை மட்டும் விட்டுவையுங்கள். முதல் பரிசை நான் திரும்ப வாங்கவில்லை. பையன் அன்றைக்கே வெள்ளை வண்ணம் கேட்டு வாங்கிக் கொடியை அழித்து, முன்பக்கமாகத் திருப்பி வரைந்தான். பழைய கொடி இன்னும் லேசாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்