டெஸ்ட் பெட் வரைபடங்கள் விக்கிக்கு வந்துவிட்டன: உதவிய எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள அனைவருக்கும்,

கோவையில் எங்கள் பம்பு நிறுவனத்தின் உள் விக்கியில் (ஊழியர்களே எழுதித் திருத்தும் தளம்) இப்போது டெஸ்ட் பெட் வரைபடங்கள், அதாவது பம்புகளை ஓட்டிச் சோதிக்கும் மேடையின் வரைபடங்கள், பக்கத்துக்குள்ளேயே தெரிகின்றன. கோட்டின் மேல் விரலை வைத்தால் அந்த இடத்தில் ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) எவ்வளவு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று எண்கள் வருகின்றன. பார்க்கிறவர்களுக்குச் சாதாரண விஷயமாகத்தான் தோன்றும். இதைப் பத்திரமாகச் செய்து முடிக்கப் பலர் நேரம் கொடுத்தார்கள். அவர்களில் சிலருக்கு எங்கள் நிறுவனம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அதனால்தான் உள்ளஞ்சலில் முடித்துக்கொள்ளாமல் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

முதல் நன்றி டெஸ்ட் பெட் சூப்பர்வைசர் அண்ணாவுக்கு. "ஏனுங்க, ஒவ்வொரு தடவையும் ஃபைல டவுன்லோடு பண்ணித்தான் பாக்கோணுங்களா? விக்கிலயே தெரியாதுங்களா?" என்று கேட்டது நீங்கள்தான். அந்த வரைபடங்கள் பிளாட்லி என்ற வரைபட மென்பொருள் உருவாக்கித் தரும் எச்டிஎம்எல் (வலைப்பக்க) கோப்புகள். ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று எம்பிக்கு மேல் ஜாவாஸ்கிரிப்ட், அதாவது பிரவுசரில் ஓடும் நிரல், இருக்கும். அது ஓடினால்தான் எண்கள் வரும், படமாக எடுத்து ஒட்டினால் பாதிப் பயன் போய்விடும். ஆகவே உங்கள் கேள்வி நியாயமான கேள்வி.

எங்கள் விக்கி ஓடுவது மீடியாவிக்கி என்ற மென்பொருளில். பக்கத்தில் எழுதும் எச்டிஎம்எல்லில் எதை அனுமதிக்கலாம் என்று அது தானே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தடித்த எழுத்து, அட்டவணை போன்றவை போகும். ஸ்கிரிப்ட், ஐஃபிரேம் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டம்), படிவம் எதுவும் போகாது. ஆனால் எந்த எச்டிஎம்எல்லையும் அப்படியே விடுகிற ஓர் அமைப்பும் அதில் உண்டு, இயல்பில் அணைத்து வைத்திருப்பார்கள். "உள் விக்கிதானே, நம்ம ஆட்கள்தானே, அதைத் திறந்துவிட்டால் ஒரு நிமிட வேலை" என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. அப்போது தகவல் பாதுகாப்புப் பிரிவு அக்கா சொன்னது: "திறக்க வேண்டாம். ஆனா வரைபடம் வரும். எனக்கு ஒரு மதியம் குடுங்க."

அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. வேண்டாம் என்று ஒரு வரி அஞ்சல் போட்டுவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பார்த்திருக்கலாம். அதற்குப் பதில் ஒரு சோதனை விக்கியில் அந்த அமைப்பைத் திறந்து, எங்களை உட்காரவைத்துக் காட்டினீர்கள். ஸ்கிரிப்ட் என்ற சொல்லே இல்லாத ஒரே ஒரு பட ஒட்டு. படத்தின் முகவரி வேண்டுமென்றே தவறானது. படம் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஆன்எரர் பண்புக்குள் நான்கைந்து வரிகள். பக்கத்தைச் சாதாரணக் கணக்கில் சேமித்தீர்கள். நிர்வாகி கணக்கில் இருந்தவர் அதைத் திறந்து பார்த்தார், வேறெதையும் தொடவில்லை. அண்மைய மாற்றங்களில் அவர் பெயரில் இன்னொரு பக்கம் திருத்தப்பட்டிருந்தது. "அவர் லாகின் அடையாளத்தை வெச்சிருக்கிற குக்கியைத் திருடவே வேண்டாம். அவர் பிரவுசரே அவர் பேர்ல வேலை செஞ்சிடும்" என்றீர்கள். அறையில் யாரும் அதற்குமேல் வாதாடவில்லை.

2005 அக்டோபரில் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் சாமி கம்கார் விட்ட புழுவை, அதாவது தானே பரவும் நிரலைப் பற்றியும் அன்றுதான் விரிவாகக் கேட்டோம். ஒரே நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளில் பரவியது அது. அந்தத் தளம் ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல்லை எங்கே கண்டாலும் நீக்கிக்கொண்டுதான் இருந்தது. நடுவில் வரியை உடைத்து எழுதியதும் வடிகட்டி ஏமாந்தது, சில பிரவுசர்கள் அதைச் சேர்த்துப் படித்து ஓட்டிவிட்டன. ஆகாதவற்றைப் பட்டியல் போட்டுத் தடுக்கும் வழி ஏன் நிற்காது என்பது எங்களுக்கு அந்தக் கதையில்தான் பிடிபட்டது.

அப்புறம் அக்கா போட்டுக்கொடுத்த திட்டத்தை நடத்திக்காட்டியது சர்வர் அறைத் தம்பி. வரைபடக் கோப்புகளை விக்கியின் முகவரியில் வைக்காமல் தனி டொமைனில் வைத்தாய். கூகுளும் கிட்ஹப்பும் பயனர்கள் ஏற்றும் கோப்புகளை இப்படித் தனி டொமைனில்தான் தருகின்றன. விக்கிப் பக்கத்தில் ஐஃபிரேமுக்கு சாண்ட்பாக்ஸ் (உள்ளே இருப்பதைக் கட்டிவைக்கும் பூட்டு) போட்டு, ஸ்கிரிப்ட் ஓடவிடும் அலவ்-ஸ்கிரிப்ட்ஸ் அனுமதி மட்டும் கொடுத்தாய். கோப்பை அதன் சொந்த முகவரிக்குரியதாகவே நடத்தும் அலவ்-சேம்-ஆரிஜினையும் கூடவே கொடுத்து, கோப்பும் விக்கியின் முகவரியிலேயே இருந்தால், உள்ளே ஓடும் ஸ்கிரிப்ட் தன் பூட்டைத் தானே கழற்றிவிடும் என்று நீ வெள்ளைப் பலகையில் எழுதி வைத்ததை நாங்கள் இன்னும் அழிக்கவில்லை. யாராவது கோப்பின் முகவரியை நேராகத் திறந்தாலும் அதே கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்று சர்வரின் சிஎஸ்பி தலைப்பிலும் (கோப்போடு பிரவுசருக்குப் போகும் பாதுகாப்பு விதி) சாண்ட்பாக்ஸ் சேர்த்தாய். எங்கள் விக்கியைத் தவிர வேறு தளம் எதுவும் அந்தக் கோப்பைத் தன் பக்கத்துக்குள் வைக்க முடியாதபடியும் செய்தாய். யாரும் கேட்காமலே செய்தது அது.

பயிற்சிக்கு வந்திருந்த தங்கைக்கு ஒரு தனி நன்றி. எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்திருந்தபோது, வரைபடத்தைப் படமாகச் சேமிக்கும் பொத்தான் அழுந்தியும் ஒன்றும் நடக்கவில்லை என்று கண்டுபிடித்தவள் அவள். பிரவுசரின் பிழைச்செய்திகள் வரும் கன்சோலில் வந்திருந்த ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு போய், சாண்ட்பாக்ஸுக்குள்ளிருந்து டவுன்லோடு செய்ய குரோம் 83ஆம் பதிப்பிலிருந்து தனி அனுமதி வேண்டும் என்று தேடி எடுத்தாள். ஐஃபிரேமில் சேர்த்தும் வேலை செய்யவில்லை. சர்வர் தலைப்பிலும் அதே அனுமதி இல்லாவிட்டால் இரண்டில் கடுமையானதுதான் செல்லும் என்று அவளே கண்டுபிடித்தாள். வாடிக்கையாளருக்கு அனுப்பும் அறிக்கையில் அந்தப் படம்தான் போகிறது, அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

மனிதவளப் பிரிவு வேறொரு கோரிக்கையோடு வந்தது. வெளியிலிருந்து எச்டிஎம்எல்லாக வரும் சுற்றறிக்கைகளையும் விக்கிக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். அதில் ஸ்கிரிப்ட் தேவையே இல்லை. அங்கே எச்டிஎம்எல்லிலிருந்து ஆபத்தானவற்றை நீக்கிச் சுத்தம் செய்யும் டொம்பியூரிஃபை கைகொடுத்தது. 2014 முதல் அதை எழுதிப் பராமரித்து இலவசமாகத் தரும் கியூர்53 குழுவினருக்கும், ஓட்டைகளைத் தேடிச் சொல்லும் ஆய்வாளர்களுக்கும் கோவையிலிருந்து எங்கள் வணக்கம். சுத்தம் செய்த பிறகு எச்டிஎம்எல்லை மறுபடி கைவைத்து மாற்றினால் செய்த சுத்தம் வீணாகலாம் என்று அவர்களுடைய விளக்கக் குறிப்பே சொல்கிறது. அதைப் படித்த பிறகுதான் எங்கள் பக்கத்தில் சுத்தம் செய்யும் படியைக் கடைசிக்குக் கொண்டுபோனோம்.

மீடியாவிக்கியின் ஆவணங்களை எழுதும் தன்னார்வலர்களே, விட்ஜெட்ஸ் நீட்சியை உருவாக்கியவர்களே, உங்களுக்கும் நன்றி. ஐஃபிரேம் வரியை ஒரு விட்ஜெட்டாக, அதாவது பக்கங்களில் பெயர் சொல்லி அழைக்கும் தனித் துண்டாக, எழுதி வைத்துவிட்டோம். அதைத் திருத்தும் உரிமை எங்களில் இருவருக்கு மட்டும். மற்றவர்கள் பக்கத்தில் டெஸ்ட் எண்ணை மட்டும் கொடுத்தால் போதும், முகவரியின் மீதி விட்ஜெட்டுக்குள் இருக்கிறது. கொடுக்கிற எண்ணையும் எஸ்கேப் செய்துதான் (நிரலாகப் படிக்கப்படாதபடி மாற்றித்தான்) சேர்க்க வேண்டும் என்று நீங்கள் எழுதி வைத்த எச்சரிக்கை இல்லாவிட்டால், வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தது போல ஆகியிருக்கும்.

சூப்பர்வைசர் அண்ணா, நேற்று ஐந்து எச்பி பம்பின் பக்கத்தில் பழைய வளைவையும் புதிய வளைவையும் அடுத்தடுத்து வைத்து இம்பெல்லர் மாற்றத்தைப் பையன்களுக்கு நீங்கள் விளக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அடுத்து மோட்டார் பிரிவும் தங்கள் வரைபடங்களைக் கேட்டிருக்கிறது. அவை வேறு மென்பொருளிலிருந்து வருகின்றன. அக்கா, திங்கட்கிழமை அந்தக் கோப்புகளோடு உங்கள் மேசைக்கு வருகிறேன், சரியா?

நன்றியுடன்,
விக்கிப் பொறுப்பாளர்