1969 பட்டியலில் விடுபட்ட சிவப்பு கார்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில் ‘50 ஆண்டுகளுக்கு முன்பு’ என்று 1969-ஆம் ஆண்டு நிகழ்வுகளை ஒரு முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை பேரனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், நான்தான் ஏதாவது வரியைத் தாண்டிவிட்டேனோ என்று. இல்லை, சிவப்பு கார்டுக்காரர்கள், அதாவது குடியுரிமை இல்லாதவர்கள், அந்த வருடம் தோட்டத்தை விட்டுக் கப்பலேறிய கதை அந்தப் பக்கத்தில் இல்லவே இல்லை.

முதலில் ஒரு திருத்தம். நம் மலேசியாவின் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாரா பிரகடனம் செய்யப்பட்டது 1969-இல் அல்ல. 1970 ஆகஸ்ட் 31-ஆம் தேதி. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டி ஒட்டிப் படிக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

மற்றபடி பக்கம் நன்றாகத்தான் இருந்தது. மே 10 தேர்தல், பினாங்கு எதிர்க்கட்சியான கெராக்கான் கைக்குப் போனது, சிலாங்கூர் சட்டமன்றத்தில் பதினாலுக்குப் பதினாலு என்று இழுபறியானது, மே 13 இனக்கலவரம், அரசாங்கக் கணக்குப்படி 196 உயிர்கள், மே 15-இல் அவசரகாலம், நாடாளுமன்றத்தை நிறுத்திவைத்துத் துன் ரசாக் தலைமையில் மாகெரான் (தேசிய நடவடிக்கை மன்றம்), ஜூலையில் டாக்டர் மகாதீர் ஆளும் கட்சியான அம்னோவிலிருந்து நீக்கப்பட்டது, எல்லாம் வரிசையாக இருந்தது. பிப்ரவரி 3 அண்ணாவின் மறைவையும் விடாமல் சேர்த்திருந்தீர்கள். அன்றைக்கு எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசைக் குடியிருப்பில்) பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. சாவு வீடு மாதிரி ஆண்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

நிலவில் மனிதன் கால் வைத்தது பெரிய படத்தோடு வந்திருந்தது. எங்களுக்கு அது ஜூலை 21, திங்கட்கிழமை காலை. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு. தலைமையாசிரியர் வீட்டு ரேடியோவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துக் கேட்க விட்டார். முக்கால்வாசி கரகரப்பு. சாயங்காலம் பெரியப்பாவிடம் சொன்னேன். “அங்க போறதுக்கு என்ன கார்டு கேக்குறானாம்?” என்றார். அம்மா சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

அந்தக் கார்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். முப்பத்தோரு வருடம் பால்மரம் வெட்டினேன், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தேன். இப்போது அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. நாங்கள் பட்டணத்து ஓரம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறோம். பெரியப்பா 1929-இல், ஐந்து வயதில், தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு ரஜூலா கப்பலில் பினாங்குக்கு வந்தவர். அப்பா இங்கேயே 1933-இல் பிறந்தார். ஜப்பான்காரன் காலத்தில் தாத்தாவை சயாம்-பர்மா ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. அப்போது அப்பாவுக்குப் பத்து வயது. பெரியப்பாதான் காண்டா (பால் வாளி சுமக்கும் தோள்கட்டை) தூக்கி, மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) துடைத்து, தம்பியை வளர்த்து, கல்யாணமும் செய்துவைத்தார்.

மெர்டேக்காவுக்குப் (1957 சுதந்திரத்துக்குப்) பிறகு குடியுரிமைக்குப் பதியச் சொல்லி அறிவிப்பு வந்தது. இங்கே பிறந்தவர்களுக்கு முதல் ஓராண்டு மலாய்மொழிச் சோதனைகூடக் கிடையாது. அப்பா கோலகங்சார் வரை போய்ப் பதிந்துவிட்டு வந்தார். பெரியப்பா போகவில்லை. வெளியே பிறந்தவருக்கு இத்தனை வருடம் இங்கே வசித்ததற்கு ஆதாரம் வேண்டும், கொஞ்சம் மலாய் பேசிக் காட்ட வேண்டும், ஒரு நாள் கூலி போகும். அவருக்கு மலாய் வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது, சந்தையில் மீன்காரனோடு மல்லுக்கட்டிப் பேசுவார். ஆனால் தோட்டத்துக் கிராணி (கணக்கர்) ஒருவர், “உன்னைத்தான் கம்பெனிக்கே தெரியுமே, உனக்கு எதுக்குய்யா காகிதம்?” என்றாராம். அந்த ஒரு வார்த்தையை நம்பி உட்கார்ந்துவிட்டார். அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் லயத்தில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். நாளைக்குப் பார்க்கலாம், அடுத்த சம்பளத்துக்குப் பார்க்கலாம் என்றே வருடங்கள் ஓடிவிட்டன.

ஆக ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு இந்தப்பக்கம் குடிமக்களுக்கான நீல கார்டு, அந்தப்பக்கம் சிவப்பு கார்டு. நான் 1957 நவம்பரில் பிறந்தவள். மெர்டேக்காவுக்குப் பிறகு இந்த மண்ணில் விழுந்ததால் பிறப்பிலேயே குடிமகள். பெரியப்பா மகள், எங்கள் அக்கா, 1955, மெர்டேக்காவுக்கு முன்பு, அதனால் அவள் அப்படி இல்லை. அதே ஆயாக் கொட்டகையில், அடுத்தடுத்த தொட்டிலில் கிடந்தவர்கள் நாங்கள்.

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பர்மிட் வேண்டும், பர்மிட் இல்லாதவரை முதலாளி வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. அது தோட்டத்து வாசலுக்கு வந்து சேர்ந்தது 1969-இல். உங்கள் பக்கத்தில் இல்லாதது இதுதான். அந்தச் சமயத்தில் நாட்டை விட்டுப் போன இந்தியத் தொழிலாளர்கள் சுமார் 60,000 பேர் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அறுபதாயிரம் பேர், ஐயா! நிலவுக்குப் போன மூன்று பேருக்குக் கால் பக்கம் ஒதுக்கினீர்கள்.

பெரியப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. கிராணி வீட்டுக்கு வரும் தமிழ்ப் பத்திரிகை ஒருநாள் தாமதமாக எங்கள் கைக்கு வரும். சாயங்காலம் நான்தான் உரக்க வாசிப்பேன். லயத்தில் எட்டுப் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். மே மாதம் முழுக்கக் கலவரச் செய்தி, ஊரடங்குச் செய்தி. தூரத்தில் லாரிச் சத்தம் கேட்டால் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பர்மிட் செய்தி அப்படிக் கொட்டை எழுத்தில் வரவில்லை. உள் பக்கத்தில் நான்கு விரல் அகலத்துக்கு வந்தது. அதையும் நான்தான் வாசித்தேன். வாசித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். பெரியப்பா, “அந்தச் சின்னதை இன்னொரு தரம் படி” என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

ஒருநாள் விடியற்காலை பெரட்டில் (ஆள் கணக்கெடுக்கும் வரிசையில்) மண்டோர் (மேற்பார்வையாளர்), சிவப்பு கார்டுக்காரர்கள் எல்லாரும் ஆபீசுக்கு வரவேண்டும் என்று கூப்பிட்டுச் சொன்னாராம். சிலருக்கு பர்மிட் கிடைத்தது, சிலருக்கு இல்லை. யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தக் கலக்கத்திலேயே பாதிப் பேர் பெட்டி கட்டிவிட்டார்கள். பெரியப்பாவும் அப்படித்தான். மனு போடச் சொல்லி அப்பா கெஞ்சினார். “சின்னப் பயலா இருந்ததுலேர்ந்து தொட்ட மரம். அதைத் தொட இப்ப சீட்டு வாங்கணுமா?” என்று கேட்டார். சேமநிதியை எடுத்துக்கொண்டு ஊருக்கே போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டார். ஊர் என்றால் ஐந்து வயதில் விட்டு வந்த ஊர். அவர் வந்தபோது மதராஸ் மாகாணம். திரும்பிப் போன அந்த வருடம் ஜனவரியில்தான் அதற்குத் தமிழ்நாடு என்று பெயர் மாறியிருந்தது.

அப்போது எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் துன் சம்பந்தன். அமைச்சரும்கூட, இந்தச் சுங்கை சிப்புட்டிலேயே பிறந்தவர். அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் ஆரம்பிக்காமல் இருந்தால் இன்னும் எத்தனை லயங்கள் தெருவுக்கு வந்திருக்குமோ. மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கியவர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர். ஆனால் நிலம் கைமாறும்போது ஓடி வந்த கூட்டுறவு, கார்டின் நிறத்துக்கு என்ன செய்ய முடியும்?

தீபாவளி கழிந்து கிளம்பினார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து பட்டர்வொர்த் வரை ரயில், அப்புறம் ஃபெர்ரி. அப்பாவோடு நானும் போனேன். துறைமுகத்தில் எங்கு பார்த்தாலும் தகரப்பெட்டி, பிளாஸ்டிக் வாளி, கம்பளி, பால்மாவு டின். பெரியம்மா தையல் மிஷினைத் தலைப்பகுதி மட்டும் கழற்றி, கைக்குழந்தை மாதிரி சேலையில் சுற்றி மடியில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தோட்டத்து ஆட்களும் தனித்தனிக் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள், பெரட்டில் நிற்பது போலவே. பெரியப்பா கப்பலைப் பார்த்துவிட்டு அப்பாவிடம், “டேய், அதே ரஜூலாடா” என்றார். அவர் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். அக்கா தன் வளையலில் இரண்டைக் கழற்றி என் கையில் போட்டாள். அது எனக்குப் பெரியது. ஃபெர்ரியில் திரும்பும்போது ஒன்று கடலில் விழுந்துவிட்டது. அம்மாவிடம் இரண்டு மாதம் சொல்லவில்லை.

பெரியப்பா வெட்டிய நிரை (ஒருவருக்கு ஒதுக்கிய மரவரிசை) அப்பாவுக்கு வந்தது. மரம் வெட்டியவர்களுக்கு இது புரியும். ஒவ்வொருவர் கைக்கும் ஒரு சாய்வு உண்டு, பட்டையைச் சீவும் கனம் உண்டு. பெரியப்பா மெல்லிசாகச் சீவுவார், பட்டை நாலு மாதம் கூடுதலாக நிற்கும் என்று மண்டோரே சொல்வார். முதல் நாள் அப்பா அந்த நிரையில் பாதி மரத்தை வெட்டாமல் திரும்பி வந்துவிட்டார். பால் ஸ்டோரில் நிறுவை குறைந்தது, திட்டும் வாங்கினார். உடம்பு சரியில்லை என்றாராம்.

போனவர்கள் எல்லாரும் அழிந்துபோனார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சிலர் நன்றாகவும் இருந்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் ராசிபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் போய் இறங்கினார்கள். பங்காளிகள் வரவேற்றது சேமநிதிப் பணம் தீரும் வரைக்கும்தான் என்று அக்கா கடிதத்தில் எழுதியிருந்தாள். பெரியப்பா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, முகம் கழுவி, திண்ணையில் உட்கார்ந்திருப்பாராம். போவதற்கு இடமில்லை. 1976-இல் காலமானார். தந்தி வந்த அன்று எனக்கு மூத்தவன் பிறந்து பதினோரு நாள். 1998-இல்தான் நான் அங்கே போக முடிந்தது. அக்காவை ஊரில் எல்லாரும் ‘மலேயாக்காரி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆடுகளைப் பட்டியில் அடைக்கும்போது அவள் எண்ணியதைக் கேட்டேன்: “சத்து, டுவா, தீகா, அம்பாட்...” பதினாலு வயதில் போனவள், ஆட்டை மலாயில் எண்ணுகிறாள்.

இதெல்லாம் எங்கள் குடும்பக் கதை, பத்திரிகைக்கு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். இதே போன்ற கதை இந்தப் பட்டணத்தில் எங்கள் தாமானில் மட்டும் ஐந்து வீடுகளில் இருக்கிறது. எங்கள் தெரு முனையில் எண்பத்து மூன்று வயதுப் பாட்டி ஒருவர் இன்னமும் சிவப்பு கார்டோடு இருக்கிறார். அவருக்கு அன்று பர்மிட் கிடைத்தது. கூடப் பிறந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. தேர்தல் நாளில் மற்றவர்கள் விரலில் மை வைத்துக்கொண்டு வருவதை வாசலில் உட்கார்ந்து பார்ப்பார். 2018 மே 9-ஆம் தேதியும் அப்படித்தான் பார்த்தார். ஆட்சி மாறியது என்று நாங்கள் சொன்னதும், “சரி, எனக்கு மாறுமா?” என்று கேட்டார்.

பேரன் சொல்கிறான், மே 13-ஐப் பற்றியாவது புத்தகங்கள் இருக்கின்றன, பாட்டி, இதைத் தேடினால் நாலு வரிதான் வருகிறது என்று. ஆங்கிலப் பத்திரிகையும் மலாய்ப் பத்திரிகையும் இதை எழுதவில்லை என்றால் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் பட்டியல் அவர்களுக்கு. கோலாலம்பூரில் நடந்ததுதான் நாட்டில் நடந்தது என்று தமிழ்ப் பத்திரிகையும் நினைத்துவிட்டால் தோட்டத்தில் நடந்ததை யார் எழுதுவது?

அதனால் ஒரு வேண்டுகோள். இந்த வருட முடிவுக்குள் இன்னொரு பக்கம் ஒதுக்குங்கள். 1969, 70-இல் கப்பலேறியவர்களின் உறவுகள் பேராக்கிலும் கெடாவிலும் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் இருக்கிறார்கள். எழுதச் சொன்னால் எழுதுவார்கள். எழுத வராதவர்களிடம் உங்கள் நிருபரை அனுப்புங்கள். எங்கள் தெருமுனைப் பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆனால் எந்த மாதம் யார் போனார்கள் என்று வரிசையாகச் சொல்வார். காலையில் வந்தால் நல்லது, மத்தியானம் தூங்கிவிடுவார்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். கிளம்புவதற்கு முதல் வாரம் பட்டணத்து ஸ்டூடியோவில் எடுத்தது. நடுவில் நாற்காலியில் இருப்பவர் பெரியப்பா, பக்கத்தில் நிற்பது அப்பா. சட்டை இரண்டு பேருக்கும் ஒரே துணி. எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான். பிரசுரித்தாலும் பிரசுரிக்காவிட்டாலும் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள், தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் பால்மரத் தொழிலாளி ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.
ஜூன் 2019