சினை இறாலை ஆற்றிலேயே விடுங்கள்: பிறை ஆற்றுத் தூண்டில்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

மலேசியாவின் பினாங்குப் பக்கம் சுங்கை பிறை, சுங்கை மூடா ஆறுகளில் ஊடாங் காலா என்ற பெரிய நன்னீர் இறாலுக்குத் தூண்டில் போடுகிறவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர். நானும் பட்டர்வொர்த்தில் அப்பாவின் தூண்டில் பெட்டியைச் சுமந்து வளர்ந்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா பிடித்து வந்த ஒரு பெண் இறாலின் வயிற்றடியில் சினை சாம்பல் நிறமாக இருந்தது. கெஞ்சி வாங்கி, ஆற்றுத் தண்ணீர் ஊற்றிய பேசினில் விட்டேன். மறுநாள் இரவு பொரித்துவிட்டது. தூசு தூசாக ஆயிரக்கணக்கான குஞ்சுகள், மல்லாந்தபடி வால் முன்னே போக நீந்தின. நான்காம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தண்ணீர் கெட்டுப்போச்சு என்றார் அம்மா. அதில் உப்பு இல்லாததுதான் குறை என்று எனக்குப் பல வருடம் கழித்தே தெரிந்தது.

இறாலின் ரத்தத்தில் உப்பு உண்டு, ஆற்று நீரில் அநேகமாகக் கிடையாது. அதனால் உடம்புக்குள் தண்ணீர் ஓயாமல் புகும், உப்பு கசிந்துகொண்டே இருக்கும். வளர்ந்த இறாலின் செவுள்கள் ஆற்று நீரிலுள்ள கொஞ்சநஞ்ச உப்பையும் இழுத்து ரத்தத்தில் சேர்த்துவிடும். பிறந்த குஞ்சுக்கு அந்தச் செவுள் இன்னும் முழுசாக உருவாகியிருக்காது. இரண்டு மூன்று நாளுக்குள் நீரோட்டம் அதைக் கழிமுகத்து உவர்நீரில் கொண்டு சேர்த்தாக வேண்டும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால், குஞ்சு பொரிப்பகங்களில் 12 கிராம் அளவில் வைப்பார்கள். அந்த நீரில் 11 பருவங்களைக் கடந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் குட்டி இறாலாகும். ஆற்று நீரைத் தாங்கும் உடம்பு அப்போதுதான் வரும். பிறகு ஆற்றில் மேலேறும்.

பினாங்குக் கொடிமலை ஓடைகளில் வாழும் நன்னீர் நண்டுக்கு இந்தப் பாடு கிடையாது. முட்டைக்குள்ளேயே எல்லாப் பருவத்தையும் முடித்துவிட்டுக் குட்டி நண்டாகவே வெளியே வரும்.

இறால் குஞ்சுக்கு உவர்நீர் வேண்டும் என்பது தெரியவந்ததே நம் பினாங்கில்தான். 1961-இல் குளுகோரில், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் நிபுணர் லிங் ஷாவோ வென் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க இன்று நடக்கும் ஊடாங் காலா வளர்ப்புக்கு அதுதான் அடித்தளம்.

சினை போட்ட குழம்பின் ருசி எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பெரிய பெண் இறால் 80,000 முட்டைகூடச் சுமக்கும். நீலக் கொடுக்கு நீண்ட ஆண் இறால்களைக் கொண்டுபோங்கள், குழம்புக்கு அவை போதும். சினை ஆரஞ்சாக இருந்தாலும் சாம்பலாக இருந்தாலும் ஐஸ் பெட்டியில் போடாமல், முள்ளை மெதுவாகக் கழற்றி உடனே விட்டுவிடுங்கள். சாம்பல் நிறமென்றால் பொரிக்க இரண்டு மூன்று நாள்தான் பாக்கி. ஆற்றில் தடுப்பணை இருந்தால் அதற்குக் கீழே, கடல் பக்கமாக விடுங்கள். வீட்டுக் குளத்தில் விட்டு வளர்க்கலாம் என்று மட்டும் எடுத்துப் போகாதீர்கள். என் பேசினில் நடந்ததுதான் அங்கேயும் நடக்கும்.

அன்புடன்,
பட்டர்வொர்த் தூண்டில்காரன் ஒருவன்